கூற்றும் காட்சியும்: பிரெடரிக் தாரின் புதினமும் 'மெரி கிறிஸ்துமஸ்' திரைப்படமும்

ஒரு நூலின் வழியே மற்றொரு நூல் தோன்றுதல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. முதனூல், வழிநூல் என நூலை இருவகைப்படுத்திய தொல்காப்பியர், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகையாக்கி மரபியலில் வைத்தார். நான்காவதாகிய மொழிபெயர்ப்பை மட்டும் அவர் வெறும் பெயரளவில் விடவில்லை; 'அதர்ப்பட யாத்தல்' என்னும் அடையோடு கூறினார். அதர் என்பது வழி. பெயர்ப்பவன் சொல்லைப் பெயர்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்ள இயலாது. ஒரு வழியிற் பட அதனைக் கட்டுதல் வேண்டும் என்பது இதன் கருத்தாகக் கொள்ளத்தகும். அவ்வழி முதனூலின் வழியா, பெயர்க்கப்படும் மொழியின் வழியா என்னும் வினா நெடுநாளாக உள்ளது. அவ்வினாவை யாம் ஈண்டு ஒரு திரைப்படத்தை வைத்து ஆராயப் புகுகின்றோம்.

திரைப்படத்தையா, அதுவும் கொலைக்கதைப் படத்தையா, தமிழாய்வு இதழில் ஆராய்வது என்று சிலர் முகம் சுளிக்கலாம். அச்சுளிப்பை யாம் நேரிலேயே கண்டுள்ளோம். துப்பறியும் புதினங்கள் திரைப்படமானமை பற்றி ஆய்வேடு எழுத விரும்பிய மாணவி ஒருவரின் தலைப்பு, 'இஃது இலக்கியமாகுமா' என்னும் ஒரே கேள்வியால் குழுவொன்றில் நிறுத்தி வைக்கப்பட்டது. அக்கேள்விக்கு அன்று எம்மிடம் நிறைவான விடை இல்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடிய முயற்சியின் ஒரு பகுதி.

எடுத்துக்கொண்ட படம், சிரீராம் இராகவன் இயக்கத்தில் 2024ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் வெளிவந்த 'மெரி கிறிஸ்துமஸ்'. விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் தலைமை மாந்தராக நடித்த இப்படம் தமிழிலும் இந்தியிலும் தனித்தனியே எடுக்கப்பட்டது. இதன் முதனூல் பிரெஞ்சு எழுத்தாளர் பிரெடரிக் தார் 1961இல் வெளியிட்ட சிறு புதினம்.

தார் 1921இல் பிறந்து 2000இல் மறைந்தவர். 'சான்-அந்தோனியோ' என்னும் காவல்துறை ஆய்வாளனை நாயகனாக வைத்து நூற்றுக்கு மேற்பட்ட கதைகளை எழுதிக் குவித்தவர். சொல் விளையாட்டும் நகைச்சுவையும் நிறைந்த அக்கதைகளால்தான் பிரான்சு நாட்டில் அவர் பெயர் வீடுதோறும் பரவியது. அவற்றுக்கு நடுவே, நகைப்பின் சாயலே இல்லாத சில சிறு புதினங்களையும் அவர் எழுதினார். அவற்றுள் ஒன்றே இது. இதனை வெளியிட்ட பதிப்பகத்தின் பெயர் 'ஃப்ளவ் நுவார்'. கரிய ஆறு என்பது பொருள். 'நுவார்' என்னும் அச்சொல்லைச் சற்று விளக்குதல் நன்று.

நுவார் எனின் கருமை. 1945இல் பாரிசு நகரத்துக் கலிமார் பதிப்பகம், அமெரிக்க, ஆங்கிலக் குற்றக்கதைகளைப் பெயர்த்து 'செரி நுவார்', அதாவது கரிய வரிசை, என்னும் பெயரில் வெளியிடத் தொடங்கியது. மறு ஆண்டு நீனோ பிராங்கு என்னும் திறனாய்வாளர், போருக்குப் பின் பாரிசுக்கு வந்த அமெரிக்கப் படங்கள் சிலவற்றிற்கு அச்சொல்லைச் சூட்டினார். 1955இல் போர்துவும் ஷோமெத்தோனும் அவ்வகைப் படங்களைப் பற்றித் தனி நூலே எழுதினர். அமெரிக்கர் ஆக்கிய பொருளுக்குப் பிரெஞ்சுக்காரர் பெயரிட்டனர் என்பது வியப்புக்குரியது. ஆக்கியோர்க்குத் தம் பொருளின் குலம் தெரியாமல் இருந்தது. இவ்வகையை யாம் இக்கட்டுரையில் 'இருள்நெறிக் கதை' என வழங்குகின்றோம். துப்பறியும் கதைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. துப்பறியும் கதையில் குற்றம் வெளியே நிகழ்கிறது. அறிவுடையான் ஒருவன் வந்து அதனைத் தெளிவிக்கின்றான். இருள்நெறிக் கதையிலோ, குற்றம் கதை சொல்பவனுக்கு மிக அருகில், பல நேரங்களில் அவனுக்குள்ளேயே, இருக்கிறது.

தமிழில் முன்னையது நெடிய வரலாறுடையது. பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் கதைகள் 1894இல் வந்தன. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வெளியாகித் துப்பறியும் கோவிந்தனை வீட்டுப் பெயராக்கியது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' சேலம் மாடர்ன் தியேட்டர்சாரால் 'திகம்பர சாமியார்' என்னும் பெயரில் 1950இல் படமாயிற்று; டி. ஆர். சுந்தரம் இயக்க, எம். என். நம்பியார் மாறுவேடம் பலவற்றில் தோன்றினார். பின்னாளில் கொடியவன் வேடத்திற்கே உரியவராகிவிட்ட நம்பியார், அப்படத்தில் அறத்தின் பக்கம் நின்று வேடம் புனைந்தார் என்பதை இளைய மாணவர் நம்ப மறுக்கின்றனர். அங்கு வேடம் உண்மையை வெளிக்கொணரும் கருவி. இருள்நெறிக் கதையில் வேடம் உண்மையைப் புதைக்கும் கருவி. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) ஒன்றே தமிழில் இரண்டாம் வகையை நெருங்கிய முன்னோடி எனலாம். பாடலும் ஆடலும் இன்றி வந்த அப்படத்தில், கொலையுண்டவனைப் பற்றி ஒவ்வொருவர் கூறும் கூற்றும் ஒவ்வொரு வகையாக அமைந்தது. ஆயினும் அது புதினத்தின் வழிவந்ததன்று.

இனித் தாரின் புதினத்திற்கு வருவோம். அதன் பிரெஞ்சுத் தலைப்பின் பொருள் 'சரக்குத்தூக்கி' என்பது. அடுத்த ஆண்டே, 1962இல், மார்செல் புளுவால் அதே தலைப்பில் பிரெஞ்சுப் படமாக்கினார். 2016இல் டேவிட் பெல்லோசு ஆங்கிலத்தில் பெயர்த்தபோது தலைப்பு 'கூண்டில் ஒரு பறவை' என்னும் பொருளுடையதாக மாறிற்று. இந்தியப் படமோ திருநாள் வாழ்த்தையே தலைப்பாகக் கொண்டது. பிரெஞ்சுத் தலைப்பு சூழ்ச்சியின் பொறியைக் காட்டுகிறது. ஆங்கிலத் தலைப்பு அதில் அகப்பட்ட மனிதனைக் காட்டுகிறது. இந்தியத் தலைப்பு இரண்டையும் மறைத்து, அன்றிரவு எல்லாரும் எல்லாரிடமும் சொல்லும் வெற்றுரையைக் காட்டுகிறது. மூன்றனுள் குறும்பு மிக்கது மூன்றாவதே.

கதை இது. பாரிசின் புறநகராகிய லெவல்லுவாவில், கிறித்துமசு முன்னிரவில், ஆல்பெர் என்னும் இளைஞன் ஆறு ஆண்டுக்குப் பின் தன் வீட்டிற்குத் திரும்புகிறான். இடைக்காலத்தில் தாய் இறந்துவிட்டாள். வீட்டில் இருக்கப் பொறாமல் தெருவில் இறங்குகிறான்; மரத்தில் தொங்கவிடும் அணிபொருளாகிய சிறு பறவைக்கூண்டு ஒன்றை வாங்குகிறான். உணவகத்தில், சிறு பெண் குழந்தையுடன் வந்த ஒருத்தியைக் காண்கிறான். அவள் அவன் முன்னர்க் காதலித்த அன்னா என்பவளை ஒத்திருக்கிறாள். திரையரங்கில் மீண்டும் சந்திப்பு. அங்கிருந்து அவள் வீடு. கணவனின் நூற்கட்டுத் தொழிற்கூடத்தின் மேல்தான் வீடு, ஏறுவதற்குச் சரக்குத்தூக்கி. சிறிது நேரம் வெளியே சென்று திரும்பும்போது, முன்னர் வெறிச்சோடியிருந்த அறையில் கணவன் இறந்து கிடக்கிறான். ஆல்பெர் அங்கிருந்து அகல்கிறான். அகன்றவன் மறைந்து நோக்க, அவள் நள்ளிரவு வழிபாட்டிற்குச் சென்று, அங்கே மயங்கி விழுந்து, வேறோர் ஆடவனைத் துணைக்கொண்டு வீடு திரும்புகிறாள். அதே நாடகம் மறுபடியும் நிகழ்கிறது. ஒன்று போலவே ஒப்பனை செய்யப்பட்ட இரண்டு அறைகளும், எத்தளத்தில் நின்றது என ஏறியவர் அறியாத ஒரு தூக்கியுமே சூழ்ச்சியின் முழு இரகசியம்.

ஆல்பெர் அந்த ஆறு ஆண்டும் சிறையில் இருந்தவன், அன்னாவைக் கொன்றவன். இதனைப் புதினம் எடுத்த எடுப்பில் கூறுவதில்லை. அவனே தன்மைக் கூற்றாகக் கதை முழுவதையும் சொல்கிறான். ஆயினும் தன்னைப் பற்றிய தலையாய செய்தியை வேண்டிய காலம் வரை வாய்விடாமல் வைத்திருக்கிறான். அவன் பொய் சொல்வதில்லை. 'ஆறு ஆண்டுக்குப் பின் வந்தேன்' என்பது மெய். எங்கிருந்து என்பதே எஞ்சி நிற்கிறது. தொல்காப்பியர் எச்சவியலில் வைத்த குறிப்பெச்சத்தை நினைவூட்டும் முறை இது. அகப்பாடலிலும் தன்மைக் கூற்றே உளது. ஆயின் இன்னார் கூற்று, இன்னார்க்குக் கூறியது எனத் துறை நமக்கு முன்னரே அறிவித்து விடுகிறது. தலைவி கூற்று எனத் தெரிந்தபின் தலைவி யார் என ஐயுறுவார் இலர். துறைக்குறிப்பு இல்லாத கூற்றே இருள்நெறிப் புதினம். பேசுபவன் ஆல்பெர் எனத் தெரியும். ஆல்பெர் யார் என்பது தெரியாது. கேட்போரை அவனருகில் அமர்த்தி, அவன் துயரத்திற்கு உருக வைத்து, அதன் பின்னரே அவன் கையில் உள்ள கறையைக் காட்டுகிறார் தார். முன்னரே உருகிவிட்டோமாதலின் அவனை வெறுக்க இயலாமல் தவிக்கின்றோம். இப்புதினத்தின் உயிர்நாடி கொலையோ, இரட்டை அறையோ அன்று. இத்தவிப்பே என்பது எம் துணிபு.

திரைப்படம் இங்கேதான் இடர்ப்படுகிறது. திரைக்குத் தன்மைக் கூற்று எளிதில் வாய்ப்பதில்லை. பின்னணியில் ஒரு குரலைப் பேசவிடலாம். அது பெரும்பாலும் சோம்பலின் விளைவாகவே முடியும். கண்முன் நடமாடும் ஒருவனை நாம் புறத்தே நின்று காண்கிறோம். அவனுக்குள் இருந்து உலகைக் காண்பதில்லை. புறத்தே நின்று காணப்படுபவன் தன்னைப் பற்றி வாளா இருந்தால், பார்ப்போர்க்கு உடனே ஐயம் பிறக்கும். ஆகவே சிரீராம் இராகவன் ஆல்பர்ட்டைப் பேச வைத்தார். படத்தின் ஆல்பர்ட்டு ஏழு ஆண்டுக்குப் பின் பம்பாய்க்குத் திரும்புகிறான். கட்டடக் கலைஞனாகத் துபாயில் இருந்ததாகக் கூறுகிறான். அது பொய். புதினத்தில் இருந்த மறைத்தல் படத்தில் பொய்த்தல் ஆயிற்று. இம்மாற்றம் சிறிதன்று. மறைப்பவன்பால் நமக்கு உறவு தொடரும். பொய்த்தவன்பால் ஒரு சிறு விலகல் தோன்றிவிடும். விஜய் சேதுபதியின் தயங்கிய பேச்சும், கூச்சம் கலந்த நகையும் அவ்விலகலைப் பெரிதும் குறைக்கின்றன. வேறு நடிகர் ஒருவர் இவ்விடத்தில் தோற்றிருப்பார் என்றே எண்ணுகின்றோம்.

எனினும் இழந்ததை இயக்குநர் வேறோர் இடத்தில் ஈட்டிக்கொண்டார். படத்தின் முதற் காட்சியை நினைவுகூர்க. திரை இரண்டாகப் பிளந்துள்ளது. இருபுறமும் மின்னரைப்பான், ஒன்றில் சமையலுக்குரிய பொருள் அரைபடுகிறது, மற்றொன்றில் மாத்திரைகள். பார்ப்பவர் இதனை அழகிய தொடக்கம் எனக் கொண்டு கடந்துவிடுவர். உண்மையில் கதையின் முழு இரகசியமும் அங்கே திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஒன்று போல் தோன்றும் இரண்டு. ஒன்றில் வாழ்வு, ஒன்றில் சாவு. இரட்டை அறைச் சூழ்ச்சி வெளிப்படும்போது, அது முதல் நொடியிலேயே நமக்குக் காட்டப்பட்டிருந்தது என உணர்கின்றோம். காட்டியும் மறைத்தல் என இதனைக் கூறலாம். புதினம் சொல்லாமல் மறைத்தது. படம் காட்டி மறைத்தது. கருவி வேறு, வாசகரும் பார்ப்பவரும் சென்று சேரும் நிலை ஒன்று. யாது எப்பொழுது எவர்க்குத் தெரிதல் வேண்டும் என்னும் ஒழுங்கே இவ்வகைக் கதையின் அதர். அவ்வதரை விடாத பெயர்ப்பு, ஊரையும் பெயரையும் தொழிலையும் மாற்றினும் வழிநூலே. அதனை விட்ட பெயர்ப்பு, நிகழ்ச்சி அனைத்தையும் வரிசையாக வைத்தாலும் வழிநூலாகாது.

ஊரும் தொழிலும் மாறியவாற்றை இனிக் காண்போம். லெவல்லுவா பம்பாயாயிற்று, அதுவும் 1995இல் மும்பை எனப் பெயர் மாறுவதற்கு முன்னிருந்த பம்பாய். காலத்தைப் பின்னுக்குத் தள்ளியது பழமை நாட்டத்தால் மட்டும் அன்று. கைப்பேசி உள்ள காலத்தில் இக்கதை அரைமணி நேரம் கூட நில்லாது. எங்கே இருந்தாய், எப்பொழுது வந்தாய் என்பன ஒருவர் வாய்மொழியை மட்டும் பொறுத்திருந்த காலமே இதற்கு வேண்டும். நூற்கட்டுக் கூடத்திற்கு மாறாக அடுமனை வந்தது. அப்பமும் இனிப்பும் விற்கும் அடுமனை கிறித்துமசு நாளுக்குப் பொருத்தமாயினும், நூற்கட்டுக் கூடத்தின் கனமும் பசைநாற்றமும் தந்த இறுக்கம் அதில் இல்லை.

இவ்விறுக்கம் பற்றி யாம் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அன்று, எம் மாணவரிடமிருந்து. யாம் வாழும் தண்டலம், திருப்பெரும்புதூருக்கு அண்மையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியது. ஒருபுறம் இருங்காட்டுக்கோட்டை, மறுபுறம் ஒரகடம். நாற்புறமும் மகிழுந்து, உதிரிப்பொருள், மின்னணுத் தொழிற்சாலைகள். மாணவர் பலர் அத்தொழிற்சாலைகளில் உழைப்போரின் மக்களும் உடன்பிறந்தோரும் ஆவர். முதுகலை வகுப்பில் இப்புதினத்தின் சூழ்ச்சியை விளக்கும்போது, ஒரே வகையான இரண்டு அறைகளை ஒருவன் பிரித்தறிய மாட்டானா, நம்பத்தக்கதா என யாமே ஐயம் எழுப்பினோம். மாணவர்க்கு ஐயமே எழவில்லை. ஒருவர் எழுந்து, 'எங்கள் பக்கத்தில் இது வாரம் ஒரு முறை நடக்கும், ஐயா' என்றார். வெளியூர்த் தொழிலாளர்க்கு வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டப்பட்ட மூன்றடுக்குக் கட்டடம் அவர் வீட்டிற்கு எதிரில் உள்ளதாம். எல்லாத் தளத்திலும் ஒரே நீலச்சுவர், ஒரே இரும்புக் கதவு, ஒரே பூட்டு. இரவுப் பணி முடித்து வந்த அவருடைய உறவினர், மின்சாரம் நின்றிருந்த விடியற்காலையில், தம் அறை என எண்ணி ஒரு தளம் குறைவாக ஏறிப் பிறர் அறைப் பூட்டில் சாவியை இட்டு நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தாராம். உள்ளிருந்தவர் ஒடியா மொழியில் கூச்சலிட்ட பிறகே பிழை தெரிந்ததாம்.

வகுப்பு நகைத்தது. எமக்கோ பாடம் விளங்கிற்று. களைப்பும் இருளும் ஒரே அச்சில் வார்த்த கட்டடமும் சேர்ந்தால், மனிதன் தான் நிற்கும் இடத்தை அறியான். தாரின் சூழ்ச்சி துப்பறியும் ஆசிரியர் புனைந்த வித்தையன்று. தொழில் நகரத்துப் புறநகரின் இயல்பிலிருந்து எடுக்கப்பட்டது. லெவல்லுவாவும் தொழிற்கூடங்கள் செறிந்த புறநகரே. மற்றொரு மாணவர், 'சரக்கு லிப்டு' என்று தொழிலாளர் வழங்கும் தூக்கியைப் பற்றிச் சொன்னார். அதில் ஆள் ஏறலாகாது என எழுதியிருக்கும், ஆயினும் ஏறுவர். ஆளுக்கென்று அமையாத பொறியில் ஆள் ஏறுவதில் உள்ள சிறுமையும் அச்சமும் அப்பிரெஞ்சுத் தலைப்பில் உள்ளன என்பதை அவர் சொல்லக் கேட்டே உணர்ந்தோம். அச்சமும் சிறுமையும் படத்தில் வரும் பழைய குடியிருப்புத் தூக்கியில் இல்லை. அது பார்வைக்கு இனியது, கம்பிக் கூண்டு போன்றது, ஆளுக்கென்றே அமைந்தது. வண்ணமும் ஒளியும் இசைந்த எழிலே இப்படத்தின் வலிமை என்பர். மது நீலகண்டனின் ஒளிப்பதிவு அவ்வெழிலுக்குச் சான்று. அவ்வெழிலே ஒரோவழி முதனூலின் கரடுமுரடான வறுமையை மெழுகிவிட்டது என்பதையும் மறைத்தற்கில்லை.

மொழி பற்றி ஒரு சொல். படம் இருமொழியில் எடுக்கப்பட்டது என்றோம். தலைமை மாந்தர் இருவரும் இரண்டிலும் அவர்களே. காவல்துறையினர், இடையில் வரும் மற்றோர் ஆடவர், அண்டைவீட்டு முதியவர் ஆகிய துணைமாந்தர் வேறு வேறானவர். தமிழ் வடிவில் இராதிகா சரத்குமார், சண்முகராஜன், கெவின் ஜெய் பாபு, ராஜேஷ் வில்லியம்ஸ் ஆகியோர் நடித்தனர். இந்தி வடிவில் அவ்விடங்களில் வேறு நடிகர். ஒரு முதனூலுக்கு ஒரே கையால் ஒரே காலத்தில் இரண்டு வழிநூல் என்பது நூல் வரலாற்றில் அரிது. ஆய்வாளர்க்கு இது பெரும் வாய்ப்பு. இரண்டு வடிவங்களையும் காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டால், மொழி மாறும்போது மரியாதை, நகை, ஐயப்பாடு ஆகியவற்றின் அளவு எவ்வாறு மாறுகிறது எனக் காணலாம். காவல் நிலையத்து உரையாடலில் தமிழின் 'நீ', 'நீங்க' என்னும் இரண்டனுள் எது எப்பொழுது வருகிறது என்பது ஒன்றை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம். அப்பணியை இளையோர்க்கு விடுகின்றோம்.

இறுதிப் பகுதியே எமக்கு மிகுந்த கருத்து வேறுபாடு உள்ள இடம். புதினத்தின் முடிவை, நூலைப் படியாத மாணவர் பொருட்டு, ஈண்டு விரிக்காமல் விடுகின்றோம். படத்தின் முடிவு காவல் நிலையத்தில், பேச்சு மிகச் சுருங்கி, ஒரு மோதிரத்தைச் சுற்றி நிகழ்கிறது. ஆல்பர்ட்டு அம்மோதிரத்தை மரியாவுக்கு அணிவிக்கும் செயல், பழியைத் தன்மேல் ஏற்கும் செயலாகவே எமக்குப் படுகிறது. மோதிரமும் அவ்வீகமும் இந்தியப் படத்தின் ஆக்கம். இவ்வாக்கம் எங்கிருந்து வந்தது?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் தோன்றும் களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தார். நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே உள்ளவை. இறைக்கு அஞ்சுதலில் தன் பிழை பற்றிய உணர்வு உடன் இருக்கலாமாயினும், அஞ்சப்படுவது இறையே. தன்னைத்தானே அஞ்சுதல் என ஐந்தாவது களன் ஒன்றை அவர் வைக்கவில்லை. இருள்நெறிக் கதையின் அச்சம் அவ்வைந்தாவது. 'ஒருமுறை கொன்ற கை மறுமுறையும் கொல்லுமோ' என்னும் அச்சம் அது. அன்னாவை ஒத்த பெண்ணைக் கண்டவுடன் ஆல்பெர் உள்ளத்தில் எழுவதும் அதுவே. இவ்வச்சத்தைத் தமிழ்க் கதைமரபு நெடுங்காலம் தாங்கியதில்லை. விரைவில் அதனைக் கழுவாயாக மாற்றிவிடும். 1964இல் வந்த 'புதிய பறவை'யை எண்ணுக. தாதா மிராசி இயக்கிய அப்படத்திலும் நாயகன் தன் மனைவியின் சாவுக்குக் காரணமானவன். அதனை மறைத்து வாழ்பவன். அவன் வாயால் உண்மை வெளிப்படும் இறுதிக் காட்சியில் சிவாஜி கணேசனின் கதறலோடு பார்ப்போர் கண்ணீரும் கலந்தது. அச்சமாகத் தொடங்கியது அழுகையாய் முடிந்தது. (பறவை என்னும் சொல் இரு கதைக்கும் பொதுவாக அமைந்தது தற்செயலே, அதில் பொருள் காண முயன்ற மாணவரை யாமே தடுத்தோம்.) 'மெரி கிறிஸ்துமஸ்' அம்மரபின் கதறலை நீக்கிற்று; கழுவாயை நீக்கவில்லை. முன்னர் ஒருத்தியின் உயிரைப் போக்கியவன், இப்பொழுது ஒருத்தியின் உயிரைக் காக்கிறான் என்னும் நேர்த்தி உள்ளத்தை நிறைவிக்கிறது.

நிறைவிப்பதே எம் குறை. இருள்நெறிப் புதினம் நிறைவைத் தருவதற்கு எழுந்ததன்று. கடன் தீர்ந்தது என எண்ணிப் படிப்பவர் நூலை மூடிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கு. ஆல்பர்ட்டு ஈகம் செய்தவுடன், கொலையுண்ட பெண் நம் நினைவிலிருந்து மெல்ல விலகிவிடுகிறாள். அவன் அவளுக்குச் செலுத்த வேண்டியதை வேறொருத்திக்குச் செலுத்திவிட்டான், நாமும் ஒப்புக்கொண்டோம். இறந்தவள் ஒப்புக்கொண்டாளா என்னும் வினாவைப் படம் எழுப்பவில்லை. எம் வகுப்பில் அவ்வினாவை எழுப்பியவர், தலைப்பு நிறுத்தி வைக்கப்பட்ட அம்மாணவியே. காதலியைக் கொன்றவனை அவன் காதலின் ஆழத்தால் அளக்கும் பழக்கம் நம் கதைகளில் எப்பொழுது தொடங்கியது, அதற்குப் புதினம் எவ்வளவு பொறுப்பு, திரை எவ்வளவு பொறுப்பு என அவர் கேட்டார். 'இராஜாம்பாள்' தொட்டு இந்நாள் வரை வந்த குற்றக்கதைகளையும் அவற்றின் படவடிவங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தாலன்றி இதற்கு விடை காண இயலாது.

அவ்வரிசையை வைத்துப் பார்க்கும் ஆய்வே அவர் விரும்பிய ஆய்வு. தலைப்பு இரண்டாம் முறையாகக் குழுவின் முன் வரவிருக்கிறது. இம்முறை அதனோடு புதினத்தின் ஆங்கிலப் பெயர்ப்பையும் படத்தின் இரு வடிவங்களில் உள்ள காவல் நிலையக் காட்சியையும் இணைத்து வைக்குமாறு கூறியுள்ளோம். பேச்சு அருகிய அக்காட்சியைக் கூட, துணைமாந்தர் முகம் மாறியமையால், இருமுறை எடுக்க வேண்டியதாயிற்று என்பதைக் குழுவினர் காணட்டும்.